கட்டை வேஷம்: குற்றத் தொடர்களின் கெட்டவர்கள் நமக்கு ஏன் பிடித்துப்போகிறார்கள்

'சுழல்' என்ற தமிழ்க் குற்றத் தொடரின் முதல் சீசனை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை தனியாக, கைப்பேசியில். அடுத்த தடவை பெரியப்பாவோடு, காட்பாடி வீட்டுக் கூடத்தில், டிவியில். பெரியப்பாவுக்கு வயது 73. கலவைப் பக்கத்துக் கிராமம். சின்ன வயதில் இருந்தே கூத்துப் பைத்தியம். எந்த ஊரில் பாரதம் வைத்தாலும் சைக்கிள் மிதித்துப் போய், விடிய விடியப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து நேராக ஏர் பிடித்தவர். டிவி சீரியல் என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். 'சுழல்' பார்க்க உட்கார்ந்ததற்கு ஒரே காரணம், அதில் மயானக் கொள்ளை வருகிறது என்று நான் சொன்னதுதான்.

மூன்றாவது எபிசோடோ நான்காவதோ, இன்ஸ்பெக்டர் ரெஜினா வந்து நிற்கிற ஒரு காட்சி. அதற்குள் அந்தப் பெண்மணி மேல் நமக்குக் கோபமும் வந்திருக்கும், பரிதாபமும் வந்திருக்கும். வம்புக்குக் கேட்டேன்: "பெரியப்பா, இந்தம்மா நல்லவங்களா, கெட்டவங்களா?"

"அது இன்னாத்துக்குடா இப்போ? இது கட்ட வேஷம். கம்முனு பாரு."

குற்றத் தொடர்களைப் பற்றி நண்பர்களோடு மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் விஷயத்தைத் தொட்டதில்லை. ஆனால் கட்டை வேஷம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இது வெறும் முணுமுணுப்பாகத்தான் கேட்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வடார்க்காட்டுத் தெருக்கூத்தில் கட்டை வேஷம் என்பது ஓர் அந்தஸ்து. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். இவற்றைக் கட்டிக்கொண்டு வருகிறவர் கட்டை வேஷக்காரர். அர்ச்சுனனுக்கும் கட்டை உண்டு, கர்ணனுக்கும் உண்டு, துரியோதனனுக்கும் உண்டு. நல்லவனுக்கு ஒரு உடுப்பு, கெட்டவனுக்கு ஒரு உடுப்பு என்று கூத்து பிரித்து வைக்கவில்லை. கதையின் பாரத்தைத் தாங்குகிறவனுக்குக் கட்டை. அவ்வளவுதான். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் ஆடும். உள்ளே இருந்து வேஷக்காரர் தன் புகழைத் தானே பாடுவார். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் முன்னால் நின்று நக்கலடிப்பான். துரியோதனன் திரை விலக அரை மணி நேரம் ஆனாலும் கூட்டம் அசையாது. தருமர் பேசும்போது டீ குடிக்கப் போனவர்கள் துரியோதனன் திரை பிடித்ததும் ஓடிவந்து இடம் பிடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் அக்னி வசந்த விழாவில், பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி. படுகளத்துக்காக மைதானத்தில் மண்ணைக் குழைத்துத் துரியோதனன் உருவத்தைப் படுக்க வைத்துச் செய்வார்கள். ஒரு வீட்டைவிட நீளமான உருவம். பீமன் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தல் முடிவாள். எல்லாம் முடிந்ததும் ஜனம் அந்த உருவத்தின் மேல் விழுந்து மண்ணை அள்ளும். எதற்கு? வீட்டுக்கு எடுத்துப்போக. நெல் குதிரில் போட்டால் தானியம் பெருகும் என்று நம்பிக்கை. சபையில் பெண்ணின் துகிலை உரியச் சொன்னவன். அவன் தொடை மண்தான் குதிருக்குக் காவல். இதைப் பார்த்து வளர்ந்தவரிடம் போய் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் கம்முனு பாரு என்றுதான் சொல்வார்.

மயானக் கொள்ளைக்கும் இதே குணம். மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் அமாவாசையில் வேலூர் பாலாற்றங்கரைக்கு அங்காளம்மன் தேர்கள் வரும். காளி வேஷம் கட்டியவர்கள் ஆடிவருவார்கள். சுண்டலும் கொழுக்கட்டையும் காய்கறியும் சில்லறையும் கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கும். கதை என்னவென்றால், பிரம்மனின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ள, அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. போடும் பிச்சையை எல்லாம் அதுவே தின்றது. அம்மன் சுடுகாட்டில் சோற்றை இறைத்தாள். கபாலம் ஆசைப்பட்டுக் கீழே இறங்கியது. காலால் மிதித்துவிட்டாள். அதாவது தூண்டில் போட்டுப் பிடித்தாள். போலீஸ் பாஷையில் சொன்னால் பொறிவைப்பு. பெயரிலேயே கொள்ளை இருக்கிற ஒரு சாமி விழாவின் நாட்களோடு ஒரு குற்றத் தொடர் நகர்வது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

2022 ஜூனில் வந்த அந்தத் தொடர் புஷ்கர்–காயத்ரியின் உருவாக்கம். முதல் சீசனைப் பிரம்மாவும் அனுசரணும் இயக்கினார்கள். எட்டே எபிசோட். சாம்பலூர் என்ற கற்பனை ஊர், அதில் ஒரு சிமென்ட் ஆலை, ஆலையில் ஒரு தொழிற்சங்கத் தலைவர், அவருக்கு நேர் எதிரே ஓர் இன்ஸ்பெக்டர். தலைவரின் மகளைக் காணவில்லை. யார் என்ன செய்தார்கள் என்று சொல்லிக் கெடுக்க மாட்டேன். பார்த்திபனும் ஸ்ரேயா ரெட்டியும் நடித்த அந்த இரண்டு பாத்திரங்களுமே கட்டை வேஷம் என்பது மட்டும் பெரியப்பாவின் தீர்ப்பு.

இந்த வகைப் பாத்திரத்தைச் 'சாம்பல் நிறம்' என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. விமர்சனம் எழுதுகிற எல்லோருக்கும் கைவந்த சொல். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. சாம்பல் நிறம் என்றால் வெள்ளையும் கறுப்பும் கலந்து, எது எதுவென்று தெரியாமல் போனது. பாதி நல்லவன், பாதி கெட்டவன்; காலையில் கொலை செய்தான், சாயங்காலம் பூனைக்குட்டிக்குப் பால் வைத்தான் என்பது மாதிரி. அப்படிப்பட்ட பாத்திரம் எழுதுவது சுலபம், மறப்பதும் சுலபம். குடியாத்தம் லுங்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஏதோ மங்கின நிறம். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் கறுப்பு நூல் கறுப்பாகவே இருக்கிறது, வெள்ளை நூல் வெள்ளையாகவே இருக்கிறது. ஒன்றை உருவினால் மற்றதும் சேர்ந்து அவிழும். நல்ல குற்றத் தொடரில் வரும் ஆள் இந்த நெசவு. அவனுடைய நல்ல குணம்தான் அவனைத் தப்புச் செய்ய வைக்கிறது. நல்லதை மட்டும் தனியே பிரித்து எடுத்து அவனை மன்னிக்க முடியாது. கெட்டதை மட்டும் பிரித்து எடுத்துத் தண்டிக்கவும் முடியாது.

வில்லிபாரதத்தில் இருந்து எல்லோரும் சொல்லும் 'எடுக்கவோ கோக்கவோ' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ணனும் துரியோதனன் மனைவியும் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். புருஷன் வருவதைப் பார்த்து அவள் எழுகிறாள். கர்ணனுக்கு முதுகுப் பக்கம் தெரியவில்லை. தோற்கப்போகிறோம் என்று நழுவுகிறாள் என நினைத்து மேகலையைப் பிடித்து இழுக்கிறான். மணிகள் சிதறுகின்றன. வந்த துரியோதனன் கேட்ட கேள்வி, பொறுக்கித் தரவா, கோத்துத் தரவா என்பதுதான். எந்தக் காலத்திலும் ஒரு மனிதன் இன்னொருவன் மேல் வைக்கக்கூடிய நம்பிக்கையின் உச்சம் இது. இதைச் செய்தவன் துரியோதனன். அப்புறம் நடப்பதைக் கவனியுங்கள். குந்தி வந்து, நீ என் மூத்த பிள்ளை, அண்ணனாக வந்து அரசாளு என்று கூப்பிடும்போது, கர்ணன் அந்த மணிகளைத்தான் நினைவுபடுத்துகிறான். அந்த நம்பிக்கைக்காகச் செஞ்சோற்றுக் கடன் தீர்க்கப் போகிறேன் என்கிறான். அநியாயத்தின் பக்கம் அவனைக் கட்டிப் போட்டது பணமில்லை, பதவியில்லை. துரியோதனனிடம் இருந்த ஒரே ஒரு உன்னதமான குணம். வில்லனின் நல்ல குணம் ஒரு நல்லவனைக் கெடுத்தது. இதற்கு மேல் சிக்கலான பாத்திரத்தை எந்த ஓடிடியும் இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, கையில் இத்தனை சரக்கு இருந்தும் நம் டிவியில் ஏன் இது வர இவ்வளவு காலம் ஆனது?

காரணம் எழுத்தாளர்களின் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. தினசரி சீரியல் என்பது காதால் பார்க்கிற பண்டம். வீட்டில் ஒருவர் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்ப்பார். பின்னணி இசை மாறினாலே 'வில்லி வந்துட்டா' என்று தெரிய வேண்டும். இடையில் விளம்பரம், நாளைக்கு மறுபடியும் அதே நேரம், வருஷக்கணக்கில். இதில் ஒரு பாத்திரம் மெல்ல மாறுவதைக் காட்டினால், நடுவில் நாலு நாள் பார்க்காதவருக்கு ஒன்றும் புரியாது. ஆக வில்லிக்குப் பெரிய பொட்டும், நல்லவளுக்குக் கண்ணீரும் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டன.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1951-இல் டிவிக்கு வந்த 'டிராக்நெட்' காலத்தில் இருந்து வாரம் ஒரு வழக்கு, வாரக் கடைசியில் தீர்வு, போலீஸ்காரர் உத்தமர். 1981-இல் 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' வந்து ஒரே எபிசோடில் பல கதைகளை ஓட்டியபோதுதான் போலீஸ்காரர்களுக்கும் வீடு, குடி, குழப்பம் எல்லாம் உண்டு என்று தெரிந்தது. முழுக் கதவும் திறந்தது சந்தாவில் ஓடும் எச்பிஓ சேனலால். விளம்பரதாரர் கிடையாது என்பதால், நாயகன் மேல் ஜனத்துக்கு வெறுப்பு வந்துவிடுமோ என்று சோப்புக் கம்பெனி கவலைப்படத் தேவையில்லை. இருந்தும் பயம் போகவில்லை. 1999-இல் 'தி சோப்ரானோஸ்' தொடரின் ஐந்தாவது எபிசோடில், மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போன இடத்தில் மாஃபியா தலைவன் டோனி சோப்ரானோ ஒரு ஆளைத் தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பார்வையாளர்களை இழந்துவிடுவோம் என்று சேனல் தலைமையே தயங்கியது. உருவாக்கிய டேவிட் சேஸ் விடவில்லை. அவன் அதைச் செய்யாவிட்டால்தான் அவன் பொய்யாகிவிடுவான் என்றார். ஜனம் ஓடிப்போகவில்லை. இன்னும் நெருங்கி உட்கார்ந்தது. அந்த நாற்காலி நகர்த்தலில் இருந்துதான் இப்போது நாம் பார்க்கும் எல்லாக் குற்றத் தொடர்களும் பிறந்தன. நமக்கு அந்தக் கதவு 2016-இல், நெட்ஃபிளிக்ஸும் அமேசான் பிரைமும் இந்தியாவுக்கு வந்த பிறகு, சந்தாவோடு சேர்ந்து திறந்தது.

இந்த வரிசையில் என் பைத்தியம் 'தி வயர்'. 2002 முதல் 2008 வரை, 5 சீசன், 60 எபிசோட். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். உருவாக்கிய டேவிட் சைமன், 'பால்டிமோர் சன்' நாளிதழில் போலீஸ் செய்திகள் எழுதிய நிருபர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் அதே நகரத்தில் துப்பறிவாளராக இருந்து, அப்புறம் பள்ளி ஆசிரியரானவர். அதனால்தானோ என்னவோ, அதில் பாத்திரங்களை எடைபோடும் தராசு வேறு மாதிரி. பழைய கிரேக்க நாடகங்களில் மனிதர்களை வைத்து விளையாடும் தெய்வங்களின் இடத்தில், நவீன நிறுவனங்களை உட்கார வைத்ததாகச் சைமன் சொல்லியிருக்கிறார். போலீஸ் துறை, போதைக் கும்பல், துறைமுகச் சங்கம், பள்ளிக்கூடம், பத்திரிகை. ஒவ்வொன்றும் தன் ஆட்களைத் தின்று உயிர் வாழ்கிறது. கையில் ஒட்டிய கபாலம் மாதிரி.

இரண்டாவது சீசனைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன். பலருக்கு அது பிடிக்காது. திடீரென்று தெருவை விட்டுத் துறைமுகத்துக்குக் கதை போய்விட்டதே என்று அலுத்துக்கொள்வார்கள். வேலூர்க்காரனான எனக்கு அதுதான் கிட்டத்தில் இருக்கிறது. அதில் ஃபிராங்க் சொபோட்கா என்று ஒரு சங்கத் தலைவர். துறைமுகத்தில் கப்பல் வரத்து குறைந்துவிட்டது. வேலை இல்லை. பையன்களுக்கு வாரத்தில் ஓரிரு நாள் கிடைத்தால் அதிசயம். கால்வாயைத் தூர்வாரினால் பெரிய கப்பல் வரும், பழுதான தானியத் துறையைச் சரிசெய்தால் வேலை வரும். அதற்கு அரசியல்வாதிகளைக் கவனிக்க வேண்டும். கவனிக்கப் பணம் வேண்டும். கடத்தல்காரர்களுக்குக் கண்டெய்னர்களைக் கணக்கில் வராமல் விட்டுக்கொடுத்து அந்தப் பணத்தைச் சேர்க்கிறார். ஒரு காசு தனக்கென்று எடுக்கவில்லை. அப்புறம் ஒருநாள் ஒரு கண்டெய்னரைத் திறந்தால் உள்ளே மூச்சுத் திணறிச் செத்துப்போன 13 பெண்கள்.

அவருக்கு அது தெரியாது. ஆனால் என்ன வருகிறது என்று கேட்காமல் இருந்தது அவர்தான். அந்தக் கேட்காமையில்தான் முழுப் பாத்திரமும் நிற்கிறது.

இதைப் பார்க்கும்போது என் மனசு பாலாற்றுக்கு வந்துவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த மனு மேல், 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும், தீங்கு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டின் சட்டத்தில் பகுதி என்று உறுதிசெய்த தீர்ப்பு. இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதைத் தீர்ப்பே பதிவுசெய்கிறது. அதே தீர்ப்பு இந்தத் தொழில் கொண்டுவரும் அந்நியச் செலாவணியையும், கொடுக்கும் வேலையையும் முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேசுகிறது.

கூடப் படித்த நண்பன் ஒருவன் வாணியம்பாடிப் பக்கம். அவன் அப்பா முப்பது வருஷம் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்தச் சம்பளத்தில்தான் மூன்று பிள்ளைகளும் டிகிரி வாங்கினார்கள். அவர்கள் வீட்டுக் கிணற்றில் வாளி விட்டால் வரும் தண்ணீரில் துணி அலசினால் வெள்ளைச் சட்டை பழுப்பாகும். அதைக் காட்டி அவரே சிரிப்பார்: "நம்ம சம்பளம் கலந்து வருது." அந்தச் சிரிப்பை எந்த நிறத்தில் சேர்ப்பது? அவரை வில்லன் என்று சொல்ல நாக்கு வராது. கிணறு பொய் சொல்கிறது என்றும் சொல்ல முடியாது. சொபோட்காவைப் பார்த்து 'பாவம்' என்று சொல்லும்போதே அந்த 13 பெண்கள் தொண்டையில் நிற்பார்கள் இல்லையா, அதே இடம்.

பெரியப்பாவை 'தி வயர்' பார்க்க வைத்தது பெரிய பாடு. தமிழ் கிடையாது. நிறுத்தி நிறுத்தி நான் சொல்ல வேண்டும். ஒரு மணி நேர எபிசோட் இரண்டு மணி நேரம் ஓடும். அவருக்குப் பிடித்துப்போனது ஓமர். எல்லோருக்கும் அவனைத்தான் பிடிக்கும். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது பராக் ஒபாமாவும் தனக்குப் பிடித்த பாத்திரம் ஓமர் என்றார். கூடவே, அதற்காக அவன் செய்வதை ஆதரிக்கிறேன் என்று அர்த்தமில்லை என்று ஒரு வால் சேர்த்தார். ஓமர் போதை வியாபாரிகளிடம் கொள்ளையடிப்பவன். நீளத் துப்பாக்கியோடு சீட்டியடித்துக்கொண்டு தெருவில் வருவான். ஜனம் கதவைச் சாத்தும். ஆனால் அந்தத் தொழிலில் இல்லாத யார் மேலும் துப்பாக்கியைத் திருப்பமாட்டான். கெட்ட வார்த்தை பேசமாட்டான். மைக்கேல் கே. வில்லியம்ஸ் நடித்தார். 2021-இல் காலமானார். டோனி ஆண்ட்ரூஸ் என்ற நிஜக் கொள்ளைக்காரர்தான் ஓமருக்கு முக்கியமான மூலம். மாடியில் இருந்து ஓமர் குதித்துத் தப்பும் நம்பமுடியாத காட்சி அவர் வாழ்க்கையில் இருந்து எடுத்தது. பல வருஷம் சிறையில் இருந்து வெளியே வந்த அவர், அதே தொடரில் ஓமரின் கூட்டாளியாக ஒரு சின்ன வேஷமும் கட்டினார்.

நீதிமன்றக் காட்சியை மட்டும் பெரியப்பா மூன்று தடவை போடச் சொன்னார். காத்திருக்கும் நேரத்தில் நீதிமன்றக் காவலர் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருக்கிறார். கிரேக்கர்களின் போர்க் கடவுள் யார்? மார்ஸ் என்று எழுதப் பார்க்கிறார், பொருந்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஓமர், ஏரீஸ் என்கிறான். அதே ஆள்தான், கிரேக்கத்தில் வேறு பெயர். அப்புறம் சாட்சிக் கூண்டு. என்ன தொழில் செய்கிறாய்? போதை வியாபாரிகளிடம் கொள்ளையடிக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் லெவி ஒரு மூச்சு பிரசங்கம் செய்கிறார்: போதையின் வன்முறையில் இருந்து உறிஞ்சிப் பிழைக்கிற ஒட்டுண்ணி நீ. ஓமர் அமைதியாக, நீங்களும் அப்படித்தானே என்கிறான். என் கையில் துப்பாக்கி, உங்கள் கையில் பெட்டி. ஆட்டம் ஒன்றுதான்.

"வச்சான்டா ஆப்பு" என்று பெரியப்பா தொடையைத் தட்டினார். கட்டியக்காரன் ராஜாவை மடக்கும்போது கூத்துக் களரியில் எழும் அதே சிரிப்பு.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் காட்சியின் அடுத்த முடிச்சையும் சொன்னேன். கூண்டில் ஏறி, இவன்தான் கொன்றான், என் கண்ணால் பார்த்தேன் என்று ஓமர் சொன்ன சாட்சி பொய்யாக இருக்கலாம். வெளியே வந்ததும் போலீஸ்காரர் மெக்நல்ட்டி நிஜமாகவே பார்த்தாயா என்று கேட்க, நிஜமாகவே கேட்கிறீர்களா என்று திருப்பிக் கேட்கிறான். குற்றவாளி கொலைகாரன்தான். செத்தவர் ஒன்றுமறியாத உழைப்பாளி. ஓமருக்கோ, தன் காதலனைச் சித்திரவதை செய்து கொன்ற கும்பலைப் பழிவாங்க வேண்டும். நியாயமான தண்டனை, பொய்யான சாட்சி, சொந்தக் கணக்கு. மூன்று நூலும் ஒரே இழை. நாம் கைதட்டியது இதில் எதற்கு? பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கிருஷ்ணன் வேல பாத்துருக்கான்" என்றார் கடைசியில். புண்ணியத்தை எல்லாம் யாசகமாகக் கேட்டு வாங்கிய கிழவனைச் சொல்கிறார்.

ஸ்டிரிங்கர் பெல் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு கட்டுரையாகிவிடும். இத்ரிஸ் எல்பா. போதைக் கும்பலின் இரண்டாம் தலைவன், மாலையில் கல்லூரிக்குப் போய்ப் பொருளாதாரம் படிக்கிறான், அடியாட்களை வைத்து முறைப்படி கூட்டம் நடத்துகிறான். சதிக்கூட்டத்துக்கு ஒருவன் பவ்யமாகக் குறிப்பு எடுக்க, அதைப் பிடுங்குகிறான். அவன் செத்த பிறகு வீட்டுக்குப் போகும் மெக்நல்ட்டி, அலமாரியில் ஆதம் ஸ்மித் புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, இத்தனை நாள் நான் யாரைத் துரத்தினேன் என்று திகைக்கிறான். துரத்தியவனுக்கே தெரியவில்லை. நமக்கு மட்டும் தெரிந்துவிடுமா?

இப்போது என்னைப் போன்ற ரசிகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பிரியத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது. பாத்திரம் புரிகிறது என்பதில் தொடங்கி, பாத்திரம் சரி என்பதில் போய் விழுந்துவிடுகிறோம். வில்லன் வசனத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பதில் ஆரம்பித்து, அவனை எதிர்த்துக் கேட்ட மனைவி பாத்திரத்தைத் திட்டுவது வரை போவார்கள். நானும் ஒரு காலத்தில் போயிருக்கிறேன். கூத்து இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. துகில் உரிகிற இரவில், துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றித் திரௌபதியிடம் மன்னிப்புக் கேட்பார். அதை எங்கள் ஊர்க் களரியில் பார்த்தேன். கேட்டுவிட்டு, அப்புறம் உரிவார். கொஞ்சமும் குறைவைக்காமல், ஜனம் பதறும்படி உரிவார். வேஷம் முழுசு, விலகலும் முழுசு. அதோடு, துரியோதனன் எவ்வளவு உயரத்துக்குக் கட்டை கட்டினாலும் அவன் பக்கத்தில் கட்டியக்காரன் நிற்பான். ராஜாவை ராஜாவாக மட்டும் பார்க்க அவன் விடமாட்டான்.

'தி வயர்' தொடருக்கும் ஒரு கட்டியக்காரன் இருக்கிறான். பெயர் பங்க். பெட்ரோல் பங்க்கில் வரும் அதே உச்சரிப்பு. பெரியப்பாவுக்கு மனசில் நின்ற ஒரே பெயர் அதுதான். கொலைப் பிரிவுத் துப்பறிவாளர். மூன்றாவது சீசனில் ஓமர் கூட்டம் ஒரு வீட்டில் கொள்ளையடிக்கப் போய், துப்பாக்கிச் சண்டையில் அவன் கூட்டத்துப் பெண் ஒருத்தி சாகிறாள். அந்தத் தெருவுக்கு விசாரிக்கப் போன பங்க் கண்ணில் சின்னப் பையன்கள் விளையாடுவது படுகிறது. நான்தான் ஓமர், இந்தத் தடவை நான்தான் ஓமர் என்று சண்டை போடுகிறார்கள். பின்னால் ஓமரைச் சந்திக்கும்போது பங்க் அதை அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார். நாம் வளர்ந்த தெருவும் கரடுமுரடுதான், ஆனால் அது ஓர் ஊராக இருந்தது; இப்போது பிள்ளைகள் உன் பெயரைச் சொல்லி விளையாடுகிறார்கள், எவ்வளவு கீழே விழுந்துவிட்டோம் என்று. ஓமரிடம் பதில் இல்லை. நமக்கும் இல்லை. ஏனென்றால் அந்த நிமிஷம் வரை சோபாவில் உட்கார்ந்து நாமும் ஓமர் ஓமர் என்றுதான் விளையாடிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பையன்களில் ஒருவன் கெனார்ட். ஐந்தாவது சீசனில் ஓமர் ஒரு பெட்டிக்கடைக்குள் போய் சிகரெட் வாங்கும்போது பின்னால் இருந்து சுடுகிறானே, அதே கெனார்ட். சண்டை கிடையாது, வசனம் கிடையாது, படுகளம் கிடையாது. பிணவறையில் பெயர்ச் சீட்டைக்கூட வேறொரு பிணத்தின் மேல் மாற்றி வைத்திருப்பார்கள். ஊழியர் ஒருவர் கவனித்து எடுத்துச் சரியாக மாட்டுவார். பத்திரிகையில் அவன் சாவுக்கு இடமில்லை. கதையை முன்பே சொல்லிவிட்டதற்காக என்னைத் திட்டாதீர்கள். கர்ணன் சாவான் என்று தெரியாமலா ஜனம் கர்ண மோட்சத்துக்குப் பாய் எடுத்துக்கொண்டு போகிறது?

பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் 'சுழல்' முதல் சீசன். எட்டே எபிசோட், நம் பாஷை, நம் பறை, ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும். அப்புறம் 'தி வயர்'. முதல் நாலு எபிசோடில் யார் யாரென்றே பிடிபடாது. பெயர்கள் வழுக்கும், ஆங்கிலமும் நம் காதுக்குப் பழகியதில்லை. சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், பாதியில் எழுந்து போகாதீர்கள். நான் இதைச் சொல்லிப் பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் ஆச்சரியமே படவில்லை. "பாரதத்துல மட்டும் இன்னா, மொத ரெண்டு ராத்திரி பாதிப் பேரு தூங்கினுதான் இருப்பான்" என்றார்.